பதின்மூன்று மில்லிமீற்றர்

நாளைக்கு எனக்கெதிராய் ஆடப்போகிறவனின் கோல்
இண்டைக்கு என் மடியில்.
நுனித்தோல் காளான்போல் விரிந்து
ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது.
“நீயே பார்த்து ஒண்டை ஒட்டு, ஷெல்டன்”
மூதூர்க் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான் நஸ்மி.

தகரப்பெட்டியில் நாலு தோல்.
அடுக்குத்தோல் நல்லதுதான், ஆனால் பன்றி.
அவன் சொல்லாமலே அதை ஒதுக்கினேன்.
மிச்சத்தை ஒவ்வொன்றாய்
கண்ணாடி அலுமாரிமேல் போட்டுப் பார்க்கிறேன்.
ஒன்று, சோற்றில் கல் கடிபட்டதுபோல் டிக்.
ஒன்று கொஞ்சம் யோசித்து, பிறகு.
ஒன்று பேசவே இல்லை.

நஸ்மி அடிக்கிறவன், தடவுகிறவனல்ல.
வெள்ளைப் பந்தை அவன் தொட்டால்
உப்புவெளிச் சந்திவரை கேட்கும்.
பேசாத தோலை ஒட்டிவிட்டால்
இரண்டாம் ஆட்டத்திலேயே சப்பளிந்துவிடும்.
உட்துறைமுகக் காற்று வேறு
தோலைப் பாண்போல் ஊறவைக்கிற காற்று.
பழியை அதன்மேல் போடலாம்.
பரிசு நாலாயிரம்.
மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டி இரண்டு மாதம்.

எடுத்தேன். அடிப்பக்கத்தை அரத்தாளில் தேய்த்தும்விட்டேன்.
பசைக் குழாயின் மூடியைப் பல்லால் திருகும்போதுதான்
அந்தச் சத்தம் இல்லாத நாளைய மேசை
காதுக்குள் வந்தது.
நான் வென்றுகொண்டிருக்கிறேன்,
ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சீ.

கல்லாய்க் கடித்ததை ஒட்டினேன்.
றப்பர் வளையம் போட்டு இறுக்கி
சுவரோரம் சாத்தினேன், விடியும்வரை காய.
மணி பன்னிரண்டரை.
என் கோலின் நுனியை
இன்னும் பார்க்கவில்லை.