பதினேழாம் பாயிண்ட்

பலகையின் அகலம் முப்பத்தெட்டு அங்குலம்.
தோளில் கத்தி வைத்த பிறகு
என் கை இருபத்தாறு.
மிச்சம் பன்னிரண்டில் இருக்கிறது
பதினேழாம் பாயிண்ட்,
பிளாஸ்டர் மலைக்குப் பின்னே, சுவரோடு சுவராக.
அங்கேதான் வைத்தாக வேண்டுமா என்று கேட்காதீர்கள்.
வைக்கும்போது மலை இல்லை.

வெளியே டுலூத். ஜனவரி.
ஏரிக் காற்று கீழ்த்தள ஜன்னலைப்
பனியால் பாதி அடைத்துவிட்டது.
உள்ளே, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அருகில்,
எப்போதும் செப்டம்பர்:
மஞ்சள் பூசிய பிர்ச் மரங்கள்,
நிலையத்தில் பச்சைக் கோட்டுப் பெண் ஒருத்தி,
முக்கால் அங்குல உயரம்.

கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

முதலில் பின்னல் ஊசி. வளைந்தது.
பிறகு இறைச்சி வாட்டும் கம்பி, நுனியில் கொக்கி.
கொக்கி பாயிண்ட்டைத் தொடுமுன்
முழங்கை காட்டைத் தொட்டது.
பதினொரு மரம் காலி. பச்சைக் கோட்டுக்காரி
முகம் குப்புற விழுந்தாள்.
பசை வைத்து நிறுத்தினேன். மறுபடி விழுந்தாள்.
அவளைப் பொறுத்தவரை நான்
வானத்திலிருந்து இறங்கும் ஒரு ஸ்வெட்டர் கை.

ஏரி உறைந்தால் மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பு இருந்தது.
கட்டினேன்.
இழுத்தால் வந்தது, அழகாக, டக்கென்று.
திரும்பத் தள்ளினால்
என் விரலருகே சுருண்டு படுத்துக்கொண்டது.
நரம்புக்கு இழுபடத்தான் தெரியும்.

அர்வோ வந்தான்.
முப்பது வருடம் யார்டில் நிஜமான பாயிண்ட்ஸ்மேன்.
"மைனஸ் முப்பதில் உறைந்து கிடக்கும்.
துடைப்பத்தால் பனியைத் தள்ளு,
பூட்ஸால் ஒரு உதை, முடிந்தது.
பக்கத்தில் போய் நிற்கலாம், அதுதான் வசதி."
மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இன்னும் ஏதோ சொன்னான்.
டார்ச் விழுந்தது.

கடைசியில் ஹில்மாவின் சைக்கிள்.
பின் பிரேக் ஒயர், உறையோடு.
கோடைக்கு ஐந்து மாதம் இருக்கிறதே என்று
கேட்கவில்லை.
இரண்டு மேஜைக் கால்களைச் சுற்றி,
அடியிலிருந்து ஒரு துளை வழியே மேலே ஏற்றினேன்.
இந்தப் பக்கம் பிடிக்க ஒரு குமிழ் வேண்டும்.
சமையலறையில், மூன்றாவது இழுப்பறையில்
இருந்தது ஒன்று.

இழுத்தேன். டக்.
தள்ளினேன். டக்.
மலைக்குப் பின்னால், நான் பார்க்காத இடத்தில்,
தண்டவாளம் மனம் மாறும் சத்தம்.
இருபது தடவை மாற்றினேன்,
வண்டியே இல்லாமல்.

மூன்று நாள் ஹில்மா
இழுப்பறையைக் கரண்டிக் காம்பால் திறந்தாள்.
நாலாம் நாள் படியிறங்கி வந்தாள்.
குமிழைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள்,
அது போகும் வழியெல்லாம்.
குமிழைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
அந்த இடத்தில் ஒயின் பாட்டில் கார்க்கைச் செருகினாள்.
"சரி, ஓட்டு."

தாது வண்டி. இருபத்திரண்டு பெட்டி.
அவள்தான் கார்க்கை இழுத்தாள். டக்.
என்ஜின் மலைக்குப் பின்னால் மறைந்தது.
மறுமுனையில் குனிந்து நின்று
சத்தமாக எண்ணினோம்.
இருபது.
இருபத்தொன்று.

அப்புறம் எதுவும் வரவில்லை.

மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
அவள் டேப்பை எடுத்து
தோளிலிருந்து நடுவிரல் நுனிவரை தன்னை அளந்தாள்.
"முப்பத்தொன்று," என்றாள்.
"அந்தக் கரண்டியைக் கொண்டுவா."
ஸ்வெட்டர் கையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

பச்சைக் கோட்டுக்காரியை
நான் முன்கூட்டியே எடுத்துச்
சட்டைப் பையில் வைத்தேன்.