மூன்று மணி

கடுகு பாட்டிலில் கொண்டுவந்தாள்.
மஞ்சள் லேபிள் பாதி சுரண்டியிருந்தது.
"நார்மன்" என்று மேசைமேல் வைத்தாள்
திருமதி பார்ஜெட்டர்.
கிரேஹவுண்ட். அறுபத்திரண்டு பந்தயம் ஓடி
ஒன்றிலும் முதலில் வராதவன்.
மிச்சச் சாம்பலை மைதானத்து வேலியோரம் தூவியாயிற்றாம்.
இதில் மூன்று சிட்டிகை. மூன்று பெண்கள் வீட்டில்.
ஆளுக்கொன்று.

'மூன்று மணி' என்று நோட்டில் குறித்தேன்.
குறித்த பிறகுதான் சிரிப்பு வந்தது.
எங்கள் பக்கம் தெருவுக்கொரு மணி உண்டு,
நாலு காலும் ஒரு வாலுமாக.
என்ன என்றாள்.
நேரம் பார்த்தேன் என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

ஸ்டவர்பிரிட்ஜில் அன்று விடாத மழை.
கொட்டகைக்குள் ப்ரொப்பேன் சிலிண்டர்,
யாருடைய மூச்சுக்கோ வாங்கி
பிறகு வேண்டியிராமல் போன ஆக்சிஜன் இயந்திரம்,
களிமண் பூசிக் காயவைத்த இரும்புக் கம்பிகள்.
ஊதாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால்
சுடரின் மஞ்சள் மறைந்துபோகும்,
உருகுவது மட்டும் தெரியும்.

பாகு காய்ச்சியவளுக்குப் பதம் தெரியும்.
கண்ணாடிக்கும் அதேதான்:
தேனாகும்வரை பொறு,
தேனானதும் கம்பியில் சுற்று,
சுற்றுவதை நிறுத்தாதே.
நிறுத்தினால் அதற்குத் தன் எடை ஞாபகம் வந்துவிடும்.

சாம்பலை எடுக்க விரலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
எடுத்தபின் நெற்றிக்குப் போகாமல் தடுப்பதுதான் வேலை.
சிவந்த மணியை அதில் ஒருமுறை புரட்டி
மேலே தெளிந்த கண்ணாடி போர்த்தினேன்.
உள்ளே பொடிப்பொடியாகக் குமிழிகள்.
மூச்சு என்பார்கள் வாங்குகிறவர்கள்.
நான் சொல்வதில்லை.

முதலாவது உலைக்குப் போயிற்று. இரண்டாவதும்.
மூன்றாவதைக் கையில் வைத்திருந்தபோது போன்.
கவுன்சிலிலிருந்து, பச்சைக் குப்பைத் தொட்டி பற்றி.
சுடருக்கு வெளியே எத்தனை நொடி இருந்ததோ,
டிங்.
அவ்வளவுதான் சத்தம்.
ஒரு பாதி கம்பியில்.
மறு பாதியை டார்ச் அடித்துத் தேடினேன்,
முழங்காலில், சிலிண்டருக்குப் பின்னால்,
நாய் கூப்பிட்டும் வராத குரலில் ஏதோ முனகிக்கொண்டு.

பாட்டிலைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சமையல் சோடாவிலும் இதே குமிழிதான் வரும்.
இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது இது,
திருமதி பார்ஜெட்டருக்குத் தெரியாது.
அடுக்களைக்குப் போனேன்.
திரும்பி வந்தேன்.
செய்தேன்.
முந்தைய இரண்டைவிட உருண்டையாக வந்தது, சனியன்.

ஐந்நூற்றுப் பத்து டிகிரியிலிருந்து
இரவெல்லாம் மெல்ல மெல்ல இறங்கியது உலை.
நான் இறங்கவில்லை.
விடியுமுன் தீர்மானித்தேன், சொல்லிவிடலாம்,
இடது ஓரத்தில் இருப்பது உன் நார்மன் இல்லை என்று.
காலையில் மணிகளை எடுத்து
களிமண் இளக ஒரே கிண்ணத்துத் தண்ணீரில்
மூன்றையும் போட்டபிறகுதான்
செய்த காரியம் உறைத்தது.
உருண்டையானதுகூட இப்போது
மூன்றுமே உருண்டையாகத் தெரிந்தன.
ஜன்னலில் பார்த்தேன். விளக்கில் பார்த்தேன்.
தராசில் வைத்துப் பார்த்தேன்.

வந்தாள். குடையை உதறினாள்.
போன், டிங், சோடா, கிண்ணம்,
ஒன்றுவிடாமல் சொன்னேன்.
உடைந்த பாதிகளைத் தட்டில் வைத்தேன்.

ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கி
துளை வழியே மழையைப் பார்த்தாள்.
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு, "அவன் ஆயுள் முழுக்கத் துரத்தினது
மோட்டாரில் ஓடும் பொம்மை முயலை.
ஒரு நாள் பிடித்துக்கொள்ளட்டுமே" என்றாள்.

மூன்றையும் கைக்குட்டையில் முடிந்தாள்.
உடைந்ததைக் கடுகு பாட்டிலில் போட்டு மூடினாள்.
பாட்டில் கிலுகிலுத்தது.

பர்ஸைத் திறந்து,
இரண்டு மணிக்கு மட்டும் எண்ணி வைத்தாள்.