மீதம் வைத்தால்

ஃபேர்லேண்ட்ஸில் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
ஆளுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, வரி தனி.
தொண்ணூறு நிமிடம். எவ்வளவு வேண்டுமானாலும்.
தட்டில் மீதம் வைக்கிற ஒவ்வொரு துண்டுக்கும்
நாற்பது ரூபாய் என்பதை மட்டும்
நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.
பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் இருந்தது
நல்வரவாக இருக்கலாம்.

நாங்கள் நான்கு பேர், சேகோ ஆலை,
அரியர்ஸ் வந்த வெள்ளிக்கிழமை.
கணக்குப்பிள்ளை தீர்த்தகிரி காலையிலிருந்து பட்டினி.
'துண்டு இருபத்தஞ்சுன்னு வச்சுக்க,
வரியோட சேத்தா
இருபத்தாறாவதுலதான் லாபம் ஆரம்பிக்குது.'
பாய்லர் பூபாலன் எதையும் பெயர் கேட்காமல் தின்பவன்.
பேக்கிங் நஸீமாவுக்கு
எண்ணெயில் சத்தம் போட்டால்தான் மீன்.
நான் பரிசோதனைக் கூடம்:
மாவைக் கரைத்து, காய்ச்சி,
எத்தனை நொடியில் வழிகிறது என்று
எழுதி வைப்பவள்.

பெல்ட்டில் தட்டுகள் ஊர்ந்து வந்தன.
மூன்றாவது முக்கில் ஓர் உதறல்.
'பேரிங் போச்சு' என்றான் பூபாலன், நிமிராமலே.
ஒவ்வொரு தட்டும் அங்கே
ஒரு தரம் தலையாட்டிவிட்டுத்தான்
எங்களிடம் வந்தது,
பெண் பார்க்க வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல.

வெள்ளை வரியோடிய ஆரஞ்சுத் துண்டை
முதலில் நான்தான் எடுத்தேன்.
நாக்கின் மேல் குளிர்ந்து படுத்தது
இன்னொரு நாக்கு.
கடிப்பதா, பேச விடுவதா என்று
ஒரு கணம் தெரியவில்லை.
நஸீமா வெள்ளரிக்காய் உருண்டைகளாகத் தேர்ந்து
ஒன்பது வரை போனாள்.
'சோறும் வெள்ளரியும் தின்ன அறுநூறா' என்று
தீர்த்தகிரி வாய்க்குள்ளேயே வருத்தப்பட்டான்,
வாயில் இடமில்லை.

நாற்பத்தோராம் நிமிடம் கரண்ட் போனது.
பெல்ட் நின்றது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க
யாரோ படியிறங்கி ஓடுகிற சத்தம்.
'இந்த நேரம் கணக்குல வராது!'
இருட்டில் தீர்த்தகிரி எழுந்து நின்றிருக்க வேண்டும்,
குரல் உயரத்திலிருந்து வந்தது.
அடுத்த மேஜைக் குடும்பமும் சேர்ந்துகொண்டது.
மேலாளர் சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுவதாகச் சொன்னார்.
அது வாதமே இல்லை என்றது ஒரு குழந்தை.
இத்தனைக்கும் நடுவே
என் இடப்பக்கம் மெதுவாக,
மிக மெதுவாக,
யாரோ மெல்லுகிற ஓசை.

ஏழு நிமிடம் கழித்து வெளிச்சம்.
நஸீமாவின் எதிரே நின்றிருந்த தட்டு காலி.
அவள் சுவரில் இருந்த எரிமலைப் படத்தை
முன்பின் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
ஏழு நிமிடமும் திரும்பக் கிடைத்தது.

எனக்கோ சோற்றின் மேல் சந்தேகம்.
இரண்டு பருக்கையை
விரலிடுக்கில் வைத்துப் பிரித்தேன்.
இழை எழும்பியது.
இந்த ஒட்டு அரிசியின் ஒட்டு இல்லை.
தலைப்பட்டை கட்டிய சமையல்காரர் லால்ரெமா,
ஐஸாலிலிருந்து வந்து ஒன்பது மாதம்,
என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'அக்கா, வெளிய சொல்லாதீங்க' என்று
மேடைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையைக்
காலால் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார்.
பச்சை முயல் மார்க்.
கீழே தொகுப்பு எண்,
என் கையெழுத்தில்.

வீட்டில் நான் சேகோ தொடுவதில்லை.
பாயசம் என்றால் எழுந்து போய்விடுவேன்.
இங்கே பதினெட்டுத் துண்டு இறங்கியிருக்கிறது.

தீர்த்தகிரி இருபத்தைந்தில் நின்றுவிட்டான்.
நெற்றியில் வேர்வை, பெல்ட் இரண்டு ஓட்டை தளர்ந்து,
இருபத்தாறாவதைத்
திருப்பித் தராத கைமாத்துபோல் பார்த்தான்.
மூன்று நிமிடம் பாக்கி.
பூபாலன் முடியாது என்று கையை விரித்தான்.
அந்தச் சோற்றுக்கு நானும் பொறுப்பு.
எடுத்துத் தின்றேன்.
லாபம் யார் கணக்கில் என்று
அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ஐந்து ரோடு மேம்பாலத்தில்
என் ஸ்கூட்டரின் பின்னால் நஸீமா.
ஏறி, இறங்கும்வரை பேச்சில்லை.
சிக்னலில் நின்றபோது
ஹெல்மெட்டில் தட்டி மெதுவாகக் கேட்டாள்:

'அந்தத் தட்டுல இருந்தது
என்ன நெறம்டி?'