பெரியகருப்பன், இ.

முப்பது நாள் இலவசம்.
இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே வாரத்தில்
கடவுச்சொல் அனுப்பிவிட்டார்கள்.
வாங்கப்போவது ஒன்றைத்தான்.
நாகமலை அடிவாரத்தில் எங்கள் கல்லூரிக்கு
இரண்டும் வாங்கும் வசதி இருந்தால்
முதலில் வாசிப்பறைக்கு மின்விசிறி வாங்கியிருப்போம்.

ஒரு தாளில் கட்டம் போட்டேன்.
எத்தனை இதழ்கள், எந்த வருடத்திலிருந்து,
டாலர் ஏறினால் விலை ஏறுமா,
கரண்ட் போய் வந்தால் மறுபடி உள்ளே விடுமா.
வேதியியல் ஞானதுரைக்கு முதலாவது போதும்;
அவர் கட்டுரைகள் மொத்தமும் அதில் இருக்கின்றன.
வரலாற்றுத் துறை மைதீன்பிச்சை
இரண்டையும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ரெண்டு கடையிலயும் நம்ம சரக்கு இல்ல."
அவர் எழுதும் தமிழ் ஆய்விதழ்கள்
இரண்டிலும் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.
தெரிந்தும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட
பேனாவை ஒருமுறை உதற வேண்டியிருந்தது.

காசில்லாமல் கிடைக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு.
அது எதையும் விடாது.
போன செமஸ்டர் வினாத்தாளையும்
ஹாஸ்டல் மெஸ் சுற்றறிக்கையையும்
ஆய்வென்று எண்ணி வைத்திருந்தது.
வாரிக் கொண்டுவந்து கொட்டுவது அதன் வேலை,
சொத்தை பொறுக்குவது நம் வேலை.

சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும்.
பெ. இருளாயி, புவியியல்.
மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில்
வண்டல் எத்தனை அடி ஏறியிருக்கிறதென்று
கழுத்தளவு தண்ணீரில் கோல் ஊன்றி அளந்தவள்.
எந்தக் கலுங்கு வழிந்தால்
எந்தக் கண்மாய்க்குப் போய்ச் சேரும் என்று
நாற்பத்தியொரு கண்மாய்க்கும் படம் போட்டவள்.
எட்டுக் கட்டுரைகள்.

இருளாயி என்று தட்டினேன்.
ஒன்று வந்தது.
ஆங்கில எழுத்தில் ஒரு ஈகாரத்தை நீட்டித் தட்டினேன்.
இன்னொன்று.
மீதி ஆறையும் தேடியதில்
ஐந்தே முக்கால் பேருந்து போய்விட்டது.

தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லியிருக்கிறது ஏதோ ஓர் இதழ்.
அவளும் எழுதியிருக்கிறாள்.
கடைசியில் நிற்பதே ஆளின் பெயர் என்று நம்பும் இயந்திரம்
இரண்டு தளத்திலும்
அப்பாவைப் பிடித்து ஆசிரியராக்கிவிட்டது.
பெரியகருப்பன், இ.
ஆறு கட்டுரைகள், நூற்றுப் பதினெட்டு மேற்கோள்கள்.
பிரேசிலில் இரண்டு பேர்
"பெரியகருப்பன் காட்டியதுபோல" என்று தொடங்குகிறார்கள்.

பெரியகருப்பன் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில்
மூட்டை இறக்குகிறார்.
கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார்.

போனில் சொன்னதும் இருளாயி
வெகுநேரம் சிரித்தாள்.
"இருந்துட்டுப் போகட்டும் மேடம்.
அப்பா பேர்ல பட்டா கிடையாது, வீடு கிடையாது,
ரேசன் கார்டுகூட அம்மா பேர்லதான்."
சிரிப்பு நின்ற பிறகு,
"பதவி உயர்வு பாரம் மட்டும்
பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணும்."

திருத்தம் கேட்டு இரண்டு பேருக்கும் எழுதினேன்.
நீங்கள்தான் ஆசிரியரா? இல்லை.
ஆசிரியருக்கு என்ன உறவு?
நூலகர் என்று நிரப்பினேன்.
முதலாவது அந்த நிமிடமே பதில் போட்டது:
உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது.
அவ்வளவுதான், அதன்பிறகு மூச்சில்லை.
இரண்டாவதிலிருந்து ஒன்பதாம் நாள் யாரோ ஒரு மனிதர்
தன் பெயரைப் போட்டு எழுதினார்.
"தயவுசெய்து விளக்குங்கள், இதில் எது அவர் பெயர்?"
இரண்டு வரியில் சொல்லலாமென்று உட்கார்ந்தேன்,
இரண்டு பக்கம் ஆனது.

திருத்துவதற்கு முன்
அந்தப் பக்கத்தைக் கலரில் ஒரு பிரின்ட்
எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள் இருளாயி.
எடுத்து வைத்தேன்.

தாளின் ஓரத்தில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்:
சொன்னால் காது கொடுக்கிறதா.
வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதல்வர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்,
"இதுக்கு நூத்துக்கு எத்தனைம்மா போடுறது?"
நாற்பது என்றேன்.
ஞானதுரை கடிகாரத்தைப் பார்த்தார்.
முதல்வர் இருபது என்று எழுதினார்.

இன்று முப்பதாம் நாள்.
நள்ளிரவில் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.
இருபது போதுமா என்று கூட்டிப் பார்க்க
கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.