முப்பதாம் நாளுக்குள்

என் பதிவேட்டில் குழந்தைகளுக்குப் பெயர் இல்லை.
நதியாவின் பேபி. ஷபானாவின் பேபி.
ரேணுகம்மாவின் பேபி ஒன்று, பேபி இரண்டு.
பக்கத்தில் எடை. அதற்குப் பக்கத்தில் பிறந்த தேதி.
கடைசிக் கட்டத்தில்
நான் சிவப்பு மையில் வட்டமிட்ட இன்னொரு தேதி.

நதியாவின் பேபி: ஒரு கிலோ முந்நூறு.
கம்மனஹள்ளியில் அவ்வளவு சின்ன வெங்காயம் வாங்கினால்
பை கனப்பதுகூடத் தெரியாது.
முப்பத்தோராம் வாரமே வந்துவிட்டவள்.
ஆக்சிஜன் வைத்தார்கள், மூச்சு நின்று நிலைத்தது.
இருபத்திரண்டாம் நாள்
பில் தாங்காமல் கையெழுத்துப் போட்டுத்
தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கண் கருகருவென்றுதான் இருக்கும்.
'நல்லாத்தானே முழிக்குது மேடம்?'
முழிக்கும்.
உள்ளே, விழித்திரையில், பாதி தூரம் வந்த ரத்தக்குழாய்கள்
கருப்பையின் இருட்டில் முடிக்கவேண்டிய வேலையை
வெளியே எப்படி முடிப்பதென்று தெரியாமல்
பந்தல் போடாத அவரைக்கொடியாய்
ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கலாம்.
சுற்றாமலும் இருக்கலாம்.
பார்த்தால்தான் தெரியும். முப்பது நாளுக்குள் பார்த்தால்
லேசரில் நிறுத்திவிடலாம்.
இதைத்தான் ஒரு நாளைக்கு நாற்பது முறை
தமிழில், கன்னடத்தில்,
ஆண்பால் பெண்பால் குழம்பும் என் இந்தியில்
போனில் சொல்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.

இருபத்தாறாம் நாள். நதியாவின் போன் அணைந்திருக்கிறது.
கன்னடத்தில் ஒரு பெண் இனிமையாகச் சொல்கிறாள்.
இருபத்தேழு. அதே பெண், அதே இனிமை.
கணவன் எண்ணில் வேறு யாரோ:
'ஏகாம்பரமா? போனை எங்கிட்ட வித்துட்டாருக்கா.
சர்ஜாபூர் பக்கம் சென்ட்ரிங் வேலைன்னாரு.'

500-டி. சில்க் போர்டில் இறங்கி இன்னொரு பஸ்.
பன்னிரண்டு மாடிக்குத் தூண் மட்டும் நிற்கிறது.
பின்னால் நீலத் தகரக் கொட்டகைகள், எழுபது இருக்கும்.
'எந்த நதியா?' என்றார் வாட்ச்மேன்.
மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் நதியாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.
இரண்டாமவள் மகனுக்கு ஏழு வயது, பூவரசன்.
பிஸ்கட் பாக்கெட்டை மூக்கில் ஒட்டவைத்துப்
படம் பார்த்துக்கொண்டிருந்தான்.
'இவனுக்கு எப்பவும் இப்படித்தான். வாத்தியார்
போர்டுல இருக்கறத எழுத மாட்டேங்கறான்னு அடிக்கறாரு.'
இரண்டு விரல் காட்டினேன், பத்தடியில்.
என் குரல் வந்த பக்கம் சிரித்தான்.
ஒரு கண்ணாடி போதுமாக இருக்கும், அநேகமாக.
சனிக்கிழமை கூட்டிவரச் சொன்னேன்.
பதிவேட்டில் முதல் முறையாக
ஒரு பிள்ளையின் சொந்தப் பெயரை எழுதினேன்.

மூன்றாவது நதியாவின் கொட்டகையில் பூட்டு.
'ஊருக்குப் போயிட்டாங்க, செங்கம்.
முப்பதாம் நாள் பேர் வைக்கறாங்கல்ல.'

அதே நாள்.
மாமியார் நம்பர் கிடைத்தது.
பேர் வைக்காமல் பச்சைப்பிள்ளையை வாசல் தாண்டவிடக் கூடாதென்றார்.
பெங்களூரிலிருந்து செங்கம்வரை தாண்டியதை
நான் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டேன்.
'பேரை ரெண்டு நாள் தள்ளி வைக்கலாம்மா,
கண்ணைத் தள்ளி வைக்க முடியாது' என்றேன்.
பதில் இல்லை. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம்.
பிறகு நதியா போனை வாங்கினாள்:
'அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு.'

இருபத்தொன்பதாம் நாள், பதினொரு மணி.
சொட்டு மருந்து. பஞ்சில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர்.
இமையைப் பிரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி.
அவள் அழுத அழுகையில் நதியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார்:
கொடி சுற்றத் தொடங்கியிருந்தது.
'இன்னிக்கே லேசர்.'
படிவத்தில் பெயர் என்ற கட்டத்தைக் காட்டினேன்.
'இன்னும் வைக்கல' என்றாள் நதியா.

சனிக்கிழமை
நான்கு மணிவரை காத்திருந்தேன். பூவரசன் வரவில்லை.
அவன் அம்மாவின் எண்ணிலும்
அந்தக் கன்னடப் பெண்தான் பேசுகிறாள்.
திங்கட்கிழமை
மறுபடி 500-டி.