பொய் இரவல்

மார்ச்சில் படகேறி வந்தது பெட்டி.
ஒரு கணினி, கைத்துப்பாக்கி போல ஒரு ஸ்கேனர்,
மூவாயிரம் பார்கோடு வில்லைகள்,
கூடவே சந்தியாகோவிலிருந்து ஒரு கடிதம்:
ஐந்தாண்டாய் எவரும் இரவல் பெறாத நூல்களை
மென்பொருள் தானே கண்டுபிடிக்கும்,
அவற்றைக் கழித்துவிடுக.

சிலோயேயின் இந்தச் சின்னத் தீவில்
எதையும் யாரும் கழிப்பதில்லை.
உடைந்த படகு கோழிக்கூடாகும்.
கிழிந்த வலை
உருளைக்கிழங்குப் பாத்திக்கு வேலியாகும்.

ஒவ்வொரு நூலின் கடைசித் தேதி முத்திரையையும்
தட்டச்சு செய்து முடிக்க
மே மாதமாகிவிட்டது.
பிறகு ஒரு பொத்தானை அழுத்தினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்
சிவப்பில் வந்து நின்றன.

டீசல் இயந்திரம் பழுதுபார்க்கும் கையேடு, அட்டை இல்லை.
கடற்பாசிகள் பற்றி ஒன்று.
மேகங்கள் பற்றி ஒன்று,
அதன் அறுபத்து மூன்றாம் பக்கத்தில்
படகுச் சீட்டு ஒன்று செருகியிருந்தது.

அது யாஸ்னாவின் சீட்டு.
நான்கு மணிப் படகு வரும்வரை
விறகடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே
நின்றபடியே படிப்பாள்.
வீட்டுக்கு எடுத்துப்போனதே இல்லை.
"அலையடிச்சு நனைஞ்சுடும் செஞோரா."

நின்று படிப்பவர்கள் பேரில்
மென்பொருளில் ஒரு கட்டம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின்
கதவைத் தாழிட்டேன்.
ஒரு புத்தகமும் எடுத்தறியாத பிள்ளைகளின்
அட்டை எண்களைத் தேடி எடுத்தேன்.
டீசல், நோல்பெர்த்தோ பர்ரீயாவுக்கு.
கடற்பாசி, ரோசமெல் கார்க்கமோவுக்கு.
மேகங்கள், ஏழாம் வகுப்பு எலிசேயோவுக்கு.
நாற்பது நூல்கள், நாற்பது பீப்.
பொய் சொல்லும்போதும்
அதே குரலில்தான் கூவுகிறது ஸ்கேனர்.
நூல்களை அவற்றின் இடத்திலேயே
திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்,
இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகச்
சீட்டியடித்துக்கொண்டு.

பதினான்காம் நாள்
கைபேசிகளுக்கு அது
நினைவூட்டல் அனுப்பும் என்பதை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம்.
நூலகர்தான், ஆனால் கையேடுகளை
நானும் கடைசிவரை படிப்பதில்லை.

திங்கட்கிழமை, வாசலில் ஒன்பது பேர்.
முன்னால் நோல்பெர்த்தோ, ரப்பர் பூட்ஸோடு.
"நான் எடுக்கவே இல்ல செஞோரா.
கடல்ல போட்டுட்டேன்னு அம்மா
மெத்தையைக்கூட உதறிப் பாத்துட்டா."
தேள் கொட்டிய திருடனாய்
வாயைத் திறக்காமல்
அலமாரியைக் காட்டினேன்.

தேடினார்கள்.
எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வரும் என்று
நான் ஆண்டுக்கணக்கில் கத்தியதை
அன்று அரைமணியில் கற்றார்கள்.
கடற்பாசியை மேசைமேல் எறிந்துவிட்டு
"இந்தாங்க, என் பேரை எடுங்க"
என்று போய்விட்டான் ரோசமெல்.
நோல்பெர்த்தோ மட்டும் தரையில் உட்கார்ந்து
எரிபொருள் பம்பின் படத்தில் விரல் வைத்தான்.
"இது எங்க படகுதான்."
என்னை வெகுநேரம் பார்த்தான்.
எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு என்று நினைக்கிறேன்.
"என் பேர்ல தானே இருக்கு?
இன்னும் ரெண்டு வாரம் போடுங்க."

எலிசேயோ நல்ல பிள்ளை.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
தன் பேரில் இருந்த மேகங்களைப்
பைக்குள் வைத்துக்கொண்டு
மூன்று மணிக்கே கிளம்பிவிட்டான்.

நான்கு மணிக்கு யாஸ்னா வந்தாள்.
நேரே போனாள், கை நீட்டினாள்.
இடைவெளியில் விரல்கள் நின்றன.
"யார் எடுத்தா?"
சொன்னேன்.
"ஏன் என் பேர்ல எழுதல?"

அழிந்துவிடும் என்று பயந்தேன், யாஸ்னா.
படிக்காத அவனுக்குக் கொடுத்து
படிக்கிற உன்னிடமிருந்து பிடுங்கினேன்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
திரையில் 'முன்பதிவு' என்றொரு பொத்தான் இருந்தது.
அழுத்தினேன்.
வரிசையில் ஒன்று: யாஸ்னா உய்ச்சப்பானே.

அவள் அதைப் பார்க்கவில்லை.
கையில் ஒன்றும் இல்லாமல்
ஜன்னலருகே நின்றிருந்தாள்.
படகுத்துறைக்கு மேலே
மழைக்குப் பிந்திய ஏதோ ஒன்று
கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்திருக்கலாம்,
அறுபத்து மூன்றாம் பக்கத்துக்குள் இருந்தால்.

அவள் போனபின்
அடுப்பில் ஒரு கட்டை போட்டேன்.
இன்னும் நூற்று எழுபத்திரண்டு.