ஆ

ஆறு மாதம் முடிந்து நாலாம் நாள்.
எட்டு பன்னிரண்டு லோக்கலைப் பிடிக்க
பிரம்மு ஓடிய பிறகு
இந்தக் கோலிவாடா அறையில்
நீயும் நானும் ஒரு கிண்ணமும்.

நான் இரவெல்லாம் சஹார் கார்கோவில்
பெட்டி ஏற்றிவிட்டு வந்தவன்.
கண்ணில் மணல்.
நீ தூங்கி எழுந்தவள்.
உன் கண்ணில் கடை திறந்தாயிற்று.

கேழ்வரகை ஊறவைத்து
துணியில் கட்டி முளைவிட வைத்தோம்.
ஜூலையில் வெயிலுக்கு எங்கே போக?
மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் பரப்பி வைத்து
நாங்கள் சுவரோரமாகப் படுத்தோம்.
மாடியில் சுலபா தாயின் மிக்சியில் அரைத்தது.
‘நாச்சிக்கு நாச்னியா!’ என்று
அவள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.
உன் பெயருக்கு அடுத்த வீட்டுக்காரி மாதிரி
இந்த ஊரில் ஒரு தானியம் இருக்கும் என்று
பெயர் வைத்தபோது எங்களுக்குத் தெரியாது.

உப்பு கூடாது, சர்க்கரை கூடாது,
தேன் பேச்சே ஒரு வருடத்துக்கு எடுக்காதே
என்றிருக்கிறார் முனிசிபாலிட்டி டாக்டர்.
நானே ருசி பார்த்தேன்.
மழையில் ஊறிய சுவர்.

முதல் கரண்டியை
நாக்கு வந்து வெளியே தள்ளியது.
கோபமெல்லாம் இல்லை.
கதவு தட்டியவனிடம்
‘அப்படி யாரும் இங்கே இல்லையே’ என்பது போல.
இரண்டாவது தாடையில்.
மூன்றாவது காதுக்குள் எப்படிப் போனதென்று
உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

ஆ, என்கிறேன்.
கரண்டி உன்னிடம் வர வர
திறப்பது என் வாய்.
நீ அதற்குள் சொத்தைப் பல்லை எண்ணுகிறாய்.

காட்டன் கிரீன் தாண்டும்போது போன் வந்தது.
‘சாப்ட்டாளா? காட்டுங்க, காட்டுங்க.’
திரையில் பிரம்முவின் முகம் கால்வாசி,
மீதி யாரோ ஒருத்தியின் முழங்கை.
ஆ, என்றாள் பிரம்மு.
முழங்கைக்காரி குனிந்து பார்த்து, ஆ.
ஹேர்பின்னைக் கடித்திருந்தவள்
அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆ.
முகத்திரையை விலக்கி ஒருத்தி.
பின்னால் முகம் தெரியாத இன்னும் சிலர்.
நீ உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டு
எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாய்.
ரே ரோட்டில் படம் உறைந்தது.
அத்தனை பெண்களும்
வாய் திறந்தபடியே என் கையில் நின்றார்கள்.

போதும் என்று கிண்ணத்தை என் பக்கம் இழுத்தேன்.
முளைகட்டிய மாவைக் கொட்ட மனம் வரவில்லை.
விரலால் வழித்து நானே தின்னத் தொடங்கினேன்.
மூன்றாவது வாய்க்கு
என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.
பத்து கிலோ பெட்டிகளைத் தூக்குகிற கை இது,
நகரவில்லை.
ஆள்காட்டி விரலை இழுத்து
ஈறுக்குள் வைத்துக் கடித்தாய்.
முகம் சுளித்தாய். விடவில்லை.
பிறகு உன் தொண்டையில்
சின்னதாக ஏதோ ஏறி இறங்கியது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
கீழே யாரோ கேஸ் சிலிண்டரை உருட்டினார்கள்.
போனைக் கையில் எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

ஏழே முக்காலுக்கு நனைந்து வந்தாள்.
நான் கிளம்ப நாற்பது நிமிடம்.
‘இன்னைக்கும் இல்லையா?’
‘துப்புறா’ என்றேன் ஷூவுக்குக் குனிந்து.
உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.
உன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்,
ஆறு மாதமாகத் தினமும் செய்வதுதான்.
இன்று கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.
என்னை ஒருமுறை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகக் காய்ச்சிய கஞ்சியை
ஊதி ஊதி ஆற்றி
முதல் கரண்டியை நீட்டினாள்.
எனக்கு ஒரு கால் ஷூவில்,
ஒரு கால் தரையில்,
வாய் திறந்திருந்தது.